கணக்கில் வராத காசு

''இது எப்ப வாங்கினது?''

வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தால், உங்கள் வாயில் முதலில் வருகிற பதில் எது?

''இதுவா... ரொம்ப நாளா இருக்கே! நீதான் கவனிக்கலை!''

இந்தப் பதிலை ஒருமுறைகூடச் சொல்லாத கணவரோ மனைவியோ நீங்கள் என்றால், உங்களுக்கு முதலில் ஒரு நமஸ்காரம். மற்றவர்கள் என்னோடு வாருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி!

புடவைக்கு இந்தப் பதில் உண்டு. கேமராவுக்கு உண்டு. மீன் தொட்டிக்கும், பழைய ரேடியோவுக்கும், கொலு பொம்மைக்கும்கூட உண்டு. ஒரு பொழுதுபோக்கு நம்மைப் பிடித்துக்கொண்டால், அதற்காக வாங்கும் பொருள் ஒன்றோடு நிற்பதில்லை. முதல் பொருளை வீடு முழுக்கக் காட்டி மகிழ்கிறோம். பத்தாவது பொருள் வரும்போது குரல் கொஞ்சம் தணிகிறது. இருபதாவது பொருள் வீட்டு வாசலுக்கே வருவதில்லை. அலுவலக முகவரிக்குக் கூரியரில் வந்து, மேஜை டிராயரில் நான்கு நாட்கள் தங்கி, டிபன் பாக்ஸ் பைக்குள் ஒளிந்து வீடு வந்து சேருகிறது!

எனக்குப் பழைய நாணயங்கள் சேர்க்கும் பழக்கம் உண்டு. பள்ளிக்கூட நாட்களில் தொற்றிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. சம்பளத்தில் வீட்டுச் செலவு, குழந்தைகள் படிப்பு எல்லாம் போக மிச்சத்தில்தான் வாங்கினேன். கடன் வாங்கி வாங்கியதில்லை. யார் வயிற்றிலும் அடித்ததில்லை. ஆனாலும் ஒளித்தேன். இன்ஷூரன்ஸ் பத்திரங்கள் வைக்கும் பெட்டியின் அடியில் ஒரு பழைய வேட்டி, அதற்குள் காசுகள். பத்திரங்களை அவள் தொட மாட்டாள் என்ற தைரியம்!

ஒரு முறை தரங்கம்பாடிக் காசு ஒன்று கிடைத்தது. 1620-ல் தரங்கம்பாடிக்கு வந்த டேனிஷ்காரர்கள், 1845-ல் அந்த ஊரை ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போகும்வரை அங்கே இருந்தார்கள். சொந்தமாகக் காசும் அடித்தார்கள். நான் வாங்கியது சின்ன வெள்ளிக் காசு. கிரீடம், அதன் கீழே அரசர் பெயரின் முதலெழுத்துகளைப் பின்னிய சித்திரம். கட்டை விரல் நகத்தில் அடங்கிவிடும். விலை ஆறாயிரம் ரூபாய்!

கையில் வைத்து ரசித்துக்கொண்டிருந்தபோது என் மனைவி பார்த்துவிட்டாள்.

''ஏங்க, இது ஏது?''

''பழைய சிநேகிதர் ஒருத்தர்... சும்மா கொடுத்தார்.''

இதைச் சொல்ல எனக்கு ஒரு விநாடிகூடத் தேவைப்படவில்லை. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

இரண்டு மாதம் கழித்து மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவருடைய பையனுக்கு அப்போது பத்து வயது. மேஜைமேல் இருந்த அந்தக் காசைப் பார்த்துவிட்டு, ''அத்தை, அத்தை... இது எனக்கு வேணும்!'' என்று ஒட்டிக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் ஏதோ கண்காட்சியாம். என் மனைவி கொஞ்சமும் யோசிக்கவில்லை. ''மாமாவுக்கு யாரோ சும்மா கொடுத்ததுதான்டா, எடுத்துக்கோ'' என்று அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டாள்.

நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன். என்ன சொல்வது, சொல்லுங்கள்? 'வேண்டாம்' என்றால் ஏன் என்று கேட்பாள். சும்மா வந்த காசுக்குக் குழந்தையிடம் கஞ்சத்தனம் காட்டுகிற மனிதனா நான்? சிரித்துக்கொண்டே தலையாட்டினேன்.

பையன் அதைப் பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டான்.

அன்பர்களே, அன்று இரவு தூக்கம் வராமல் புரண்டபோது எனக்குக் காரைக்கால் அம்மையார் நினைவு வந்தது. தரங்கம்பாடியிலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே போனால் காரைக்கால்தானே! அந்த அம்மையாரின் மாங்கனிக் கதை உங்களுக்குத் தெரியும். சேக்கிழார் பெரியபுராணத்தில் சொன்னது. அடியார் பெருமையைச் சொல்லும் கதையாகத்தான் அதுவரை அதைக் கேட்டிருக்கிறேன். அது ஒரு கணவனும் மனைவியும் வீட்டுப் பொருளைப் பற்றிப் பேசிக்கொள்ளும் கதையும்கூட என்பது அன்றுதான் உறைத்தது.

வணிகன் பரமதத்தனுக்கு யாரோ இரண்டு மாங்கனிகள் கொடுக்கிறார்கள். கடையிலிருந்து அவன் அவற்றை வீட்டுக்கு அனுப்புகிறான். மனைவி புனிதவதியார் வாங்கி வைக்கிறார். அந்த வேளையில் பசியோடு ஒரு சிவனடியார் வருகிறார். சோறு ஆகிவிட்டது, கறி ஆகவில்லை. புனிதவதியார் தயங்காமல் ஒரு கனியை எடுத்து அடியாருக்கு அன்னத்தோடு படைத்துவிடுகிறார். மதியம் கணவன் சாப்பிட வருகிறான். மீதமிருந்த கனியைப் பரிமாறுகிறார். அதன் ருசியில் மயங்கி, ''இன்னொன்றையும் கொண்டு வா'' என்கிறான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள்.

'ஒரு அடியார் பசியோடு வந்தார், அவருக்குக் கொடுத்துவிட்டேன்.' ஒரே வரி! கொடுத்தது நல்ல காரியம். வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த வரி அம்மையாரின் வாயில் வரவில்லை. எடுத்து வருபவர்போல உள்ளே போய், தனியே நின்று இறைவனை நினைத்து உருகுகிறார். கையில் ஒரு கனி வந்து சேருகிறது. அதைக் கொண்டுவந்து இலையில் வைக்கிறார்.

அம்மையாரைக் குறை சொல்ல வரவில்லை. அதற்கு நமக்கு என்ன தகுதி? நான் சொல்ல வருவது வேறு. நல்ல காரியத்தைச் செய்த அவ்வளவு பெரிய உள்ளத்துக்கே, வீட்டுப் பொருள் ஒன்றைக் கணவனுக்குத் தெரியாமல் கொடுத்துவிட்டதைச் சொல்ல அந்த நொடியில் நா எழவில்லை. தப்பு செய்தால்தான் ஒளிப்போம் என்று யார் சொன்னது? தப்பே இல்லாத இடத்திலும் ஒரு கணம் தயங்குகிறோம். 'எதற்கு ஒரு பேச்சு? எதற்கு ஒரு முகச்சுளிப்பு?' அவ்வளவுதான் காரணம்!

நமக்கும் அம்மையாருக்கும் வித்தியாசம் அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. இரண்டாவது கனியின் சுவை இந்த உலகத்துச் சுவையாக இல்லை. ''இது எங்கே கிடைத்தது?'' என்று கணவன் நேராகக் கேட்டுவிடுகிறான். அம்மையார் தவிக்கிறார். இறைவன் தனக்குச் செய்த அருளை வெளியில் சொல்லக்கூடாது. கேட்கிற கணவனிடம் மறைக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே கிடந்து நடுங்கி, கடைசியில் சொல்லிவிடுகிறார், உள்ளது உள்ளபடி. எனக்கு ஒரு விநாடியில் வந்த பொய்யை நினைத்துப் பாருங்கள், அம்மையார் பட்ட அந்தப் பாட்டையும் நினைத்துப் பாருங்கள்.

உண்மை சொன்னதால் குடும்பம் சுகமாக இருந்ததா? இல்லை! பரமதத்தன் நம்பவில்லை. ''அப்படியானால் இன்னொரு கனி வரவழை'' என்றான். அதுவும் வந்தது, அவன் கையில் வாங்கியதும் மறைந்தது. பயந்துபோனான். பயத்தையாவது வெளியே சொன்னானா? அதுவும் இல்லை. கடல் வாணிபம் என்று கப்பலேறிப் போனவன், திரும்பி வந்து பாண்டிநாட்டில் ஒரு பட்டினத்தில் தங்கி, வேறொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்குப் புனிதவதி என்று பெயர் வைத்து வாழ்ந்துகொண்டிருந்தான். மனைவி மறைக்காமல் சொன்னாள். அதைக் கேட்ட கணவன் மறைந்து வாழ்ந்தான்!

ஆகவே, 'உண்மையைச் சொல்லுங்கள், எல்லாம் சரியாகிவிடும்' என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க மாட்டேன். உண்மையைத் தாங்கும் வீடு இருக்கிறது, தாங்காத வீடும் இருக்கிறது.

இதற்குள் உங்களில் சில சகோதரிகள் முணுமுணுப்பது கேட்கிறது. ''எங்க சிறுவாட்டுக் காசும் தப்பா?''

நியாயமான கேள்வி. அரிசிப் பானைக்குள், அஞ்சறைப் பெட்டிக்குள், புடவை மடிப்புக்குள் என்று நம் பாட்டிமார் காலத்திலிருந்து பெண்கள் சேர்த்துவரும் பணம் அது. 2016 நவம்பர் 8-ம் தேதி இரவு, 500 ரூபாய், 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்களே, நினைவிருக்கிறதா? அந்த வாரம் எத்தனை வீடுகளில் பானைக்குள் இருந்த ரகசியம் நடுக்கூடத்துக்கு வந்தது! 'இவ்வளவு பணமா வச்சிருந்தே?' என்று வாய்பிளந்த கணவன்மார் உண்டு. சிரித்து மகிழ்ந்தவர்கள் உண்டு. அந்தப் பணத்தையே பிடுங்கிக்கொண்டவர்களும் இல்லாமலா இருப்பார்கள்?

என் மனசுக்குப் பட்டதைச் சொல்கிறேன். குடித்தே அழிக்கிற கணவனுக்குத் தெரியாமல் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை ஒளித்துவைக்கும் பெண் பொய்க்காரி அல்ல, குடும்பத்துக்குக் காவல்காரி. ஒவ்வொரு ரூபாய்க்கும் கணக்குக் கேட்டு, கை ஓங்கும் வீட்டில் ஒரு பெண் தனக்கென்று பத்து ரூபாய் பதுக்கினால், விசாரிக்கப்பட வேண்டியவர் அவள் அல்ல. சிறுவாடு, ஒருநாள் வீட்டுக்கே திரும்பி வருவதற்காக ஒளிந்திருக்கும் பணம். என் பெட்டியில் இருந்த காசு அப்படியா? அது எனக்காகவே வெளியே போன பணம். அதோடு, என் மனைவியிடம் எனக்கு என்ன பயம்? அவள் அடிக்கப் போகிறாளா? 'இந்த மாசம் இது தேவையா?' என்று ஒரு வார்த்தை கேட்பாள். அந்த ஒரு வார்த்தையிலிருந்து தப்பிக்கத்தான் அத்தனை வேஷமும்!

கேட்டால் அவள் 'வேண்டாம்' என்றிருப்பாளோ என்னவோ. 'சரி' என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டில் எதைச் சொல்வதற்கும் நான் அவளுக்கு இடம் தரவில்லையே! அவள் பதிலையும் நானே சொல்லிக்கொண்டு, அவள்மேல் கோபத்தையும் நானே வைத்துக்கொண்டேன். திருமண மேடையில் சொல்லப்படும் உறுதிமொழி ஒன்று உண்டு. அறத்திலும் பொருளிலும் இன்பத்திலும் இவளை மீறி நடக்க மாட்டேன் என்பது அதன் பொருள். அறத்துக்கும் இன்பத்துக்கும் நடுவே பொருளை வைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? நாதஸ்வரச் சத்தத்தில் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்!

எங்கள் பக்கத்து வீட்டு அம்மாளின் கதை வேறு ரகம். அவருக்குக் கொலு என்றால் உயிர். வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாக வாங்க வேண்டும் என்பது வழக்கம். அவர் அந்த 'ஒரு' என்பதைக் கொஞ்சம் தாராளமாக எடுத்துக்கொள்வார். மயிலாப்பூர் வடக்கு மாடவீதியில் கடை போட்டதும் முதல் ஆளாகப் போவார். காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெரு, மதுரைப் பக்கம் விளாச்சேரி என்று அதற்காகவே பயணம் போனதும் உண்டு. 3,200 ரூபாய்க்கு வாங்கிய தசாவதார செட்டை, கணவரிடம் 900 ரூபாய் என்று சொல்லிவிட்டார். கணவர் அப்பாவி. அடுத்த வருஷம் நவராத்திரிக்கு முன்னால் அன்பாக ஒரு கவரை நீட்டினார். ''இந்த வருஷம் அஷ்டலட்சுமி செட் வாங்கிக்கோ. ஆயிரம் ரூபா வச்சிருக்கேன், மிச்சத்துக்குச் சுண்டல் வாங்கிடு!''

அந்தம்மாள் இதை எங்களிடம் சொல்லி விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு திடீரென்று, ''பாவம், அவர் சந்தோஷமா கொடுத்தார்'' என்றார். அதன்பிறகு யாரும் சிரிக்கவில்லை.

இன்னொன்று. இது சிரிக்கிற விஷயமே அல்ல. எங்களைப் போல நாணயம் சேர்க்கும் அன்பர் ஒருவர் இருந்தார். முப்பது வருஷச் சேமிப்பு. வீட்டில் யாருக்கும் எது என்ன என்று சொன்னதில்லை. சொன்னால் விலை தெரிந்துவிடுமே! திடீரென்று காலமாகிவிட்டார். காரியமெல்லாம் முடிந்தபின் அவர் மனைவி அலமாரியைத் திறந்தால் சின்னச் சின்னக் காகிதப் பொட்டலங்கள். வெள்ளியாகத் தெரிந்ததையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு வெள்ளிக் கடைக்கு எடுத்துப் போனார். தராசில் கொட்டி, எடைக்குப் பணம் கொடுத்தார்கள். கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது, அவர் தொழில் அது. விக்டோரியா மகாராணி தலை போட்ட ஒரு ரூபாய் ஒரு தோலா, 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினோரு பங்கு வெள்ளி. 1940 முதல் வெள்ளியைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள். எடை பார்ப்பவருக்கு அந்தக் கணக்குப் போதும். எந்த வருஷம், எந்த ஊர் அச்சுச்சாலை, எத்தனை அரிது என்பதெல்லாம் போனவருடைய தலைக்குள் அல்லவா இருந்தது? ராஜராஜ சோழன் காலத்துச் செம்புக் காசுகளை, 'செம்பு வேண்டாம்மா' என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தம்மாள் அவற்றைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டார்.

விஷயம் தெரிந்து நாங்கள் ஓடிப்போனோம். உருக்கியாகிவிட்டது. அந்தம்மாள் எங்களைப் பார்த்துக் கேட்டார்: ''அது அவ்வளவு பெரிய பொருளா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேப்பா அவர்!'' பணம் போன வருத்தம் அந்தக் குரலில் இல்லை. முப்பது வருஷம் கூடவே வாழ்ந்த மனிதருக்கு எதில் ஆனந்தம் என்றே தனக்குத் தெரியாமல் போய்விட்டதே என்ற தவிப்புதான் இருந்தது.

அங்கிருந்து வீட்டுக்கு வந்த அன்றுதான் தரங்கம்பாடிக் காசின் விலையை என் மனைவியிடம் சொன்னேன்.

''ஆறாயிரமா?'' என்றாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. நான் தொகைக்காக என்னென்னவோ சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் காதில் வாங்கவே இல்லை.

''அன்னிக்கு அதைத் தூக்கி நான் அவன் கையில கொடுத்தப்போ, நீங்க பார்த்துக்கிட்டே நின்னீங்க இல்ல? சிரிச்சீங்களே!''

எந்தச் சமாதானமும் செல்லுபடியாகாத கேள்வி அது. பிறகு இன்னொன்று கேட்டாள். ''வேற என்னெல்லாம் சும்மா வந்தது?''

பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டினேன். அதோடு முடியவில்லை. பல வருஷங்களுக்கு முன் போனஸ் வந்தது என்று சொல்லி ஒரு பட்டுப்புடவை வாங்கிக் கொடுத்தேனே, அது நிஜமாகவே போனஸா? ராமேஸ்வரம் போனபோது சிநேகிதர் வீட்டில் தங்கினேன் என்றேனே, அதுவா அல்லது...? இரண்டும் சத்தியமான உண்மை. ஆனால் அதை நிரூபிக்க என்னிடம் என்ன இருக்கிறது? ஒரு பொய் வெளிப்பட்டால் அது நாளையை மட்டும் கெடுக்கும் என்று நினைத்திருந்தேன். அது பின்னோக்கியும் நடக்கிறது. நல்லபடியாக நடந்து முடிந்த நாட்களுக்குள்ளும் புகுந்து, அங்கே இருந்த உண்மைகளையும் தொட்டுப் பார்க்கிறது. ஆறாயிரம் ரூபாய்க்கு இவ்வளவு செலவு இருக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால்...

சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். எல்லாவற்றையும் எல்லா நேரமும் ஒப்பிக்க வேண்டும் என்பதல்ல என் கட்சி. பிறந்தநாளுக்கு வாங்கிய பரிசை முந்தின நாள் ஒளித்து வைப்பது ஒளிப்பா? அதேபோல, 'மாதம் இவ்வளவு ரூபாய் உனக்கு, இவ்வளவு எனக்கு. அதற்குக் கேள்வி கிடையாது' என்று இருவரும் உட்கார்ந்து பேசி வைத்துக்கொண்டால், அதற்குள் வாங்கும் பொருளின் விலையைச் சொல்லாமல் இருப்பது ரகசியமே அல்ல. இருவரும் சேர்ந்து சாத்தி வைத்த கதவு அது. நான் செய்தது அவளுக்குத் தெரியாமலே ஒரு சுவரை எழுப்பியது.

கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'இந்தத் துருப்பிடிச்ச காசுக்கா இவ்வளவு?', 'களிமண் பொம்மைக்கு மூவாயிரமா?' என்று முதல் தடவையே எள்ளி நகையாடிவிட்டால், இரண்டாவது தடவை பொருள் வரும், சேதி வராது. பிடிக்காவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால், அந்தக் காசை ஒரு நிமிஷம் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு அப்புறம் சொல்லுங்களேன். பரமதத்தன் அந்த அதிசயக் கனியை நம்பாமல் சோதித்தான். 'உனக்கு இப்படி ஒரு அருளா!' என்று ஒருமுறை வியந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்? கதையே வேறாகியிருக்கும். காரைக்காலில் ஆனி பௌர்ணமியை ஒட்டி நடக்கும் மாங்கனித் திருவிழாவில், மாடிகளிலிருந்து பக்தர்கள் மாங்கனிகளை வாரி இறைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்ணம்தான் வரும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. என் மனைவியின் யோசனை. ஒவ்வொரு காசுக்கும் ஒரு வரி. எந்தக் காலத்தது, எங்கே வாங்கியது, என்ன விலை. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரிடம் காட்டி விலை கேட்க வேண்டும் என்பதும் முதல் பக்கத்தில் உண்டு. பெட்டியும் இடம் மாறி, பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. நோட்டு வந்தபிறகு நான் வாங்குவது குறைந்துவிட்டது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எழுத வேண்டுமே என்று நினைத்தாலே பாதிக் காசுகள் வேண்டாமென்று தோன்றிவிடுகிறது!

நோட்டை முதல்முதலாக எழுதி முடித்த அன்று அவளிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். தரங்கம்பாடிக் காசு இப்போது கையில் இல்லாததால் நான் எழுதவில்லை. அவளே பேனாவை எடுத்து, 'தரங்கம்பாடி வெள்ளிக் காசு, 6,000. பள்ளிக்கூடத்தில் தொலைந்தது' என்று எழுதினாள். எழுதிவிட்டு மற்ற வரிகளை மறுபடியும் மேலிருந்து பார்த்தாள்.

''எல்லாம் சரி. கூரியர் செலவைச் சேர்க்கவே இல்லையே?''